உறங்குவார்க்கு உகந்த முகமூடி

சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1836-ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கிய பிக்விக் நவீனத்தில் ஜோ என்னும் பருத்த சிறுவன் ஒருவன் வருகின்றான். வண்டியின் மீதும், தான் தட்டிய கதவின் முன்னரும் உறங்கிவிடுவான், குறட்டையும் விடுவான். வகுப்பில் அவனைக் குறித்து நகையாதார் இலர். ஆயினும் 1956-ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் சிலர், பருத்த உடலும் ஓயாத உறக்கமும் மூச்சுக் குறைவும் உடையாரது நோய்க்குப் பிக்விக்கின் பெயரையே இட்டனர்.

அந்நோய்க்கு நெருங்கிய உறவுடையது, நித்திரையில் மூச்சுத் தடைப்படும் நோய். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்தல் இயல்பு. சிலர்க்கோ அவை தளர்ந்தவுடன் மூச்சுவழி ஒட்டிக்கொள்ள, 10 விநாடியோ அதற்கு மேலோ சுவாசம் நின்றுவிடுகின்றது. பிராணவாயு குறையவே, மூளை திடுக்கிட்டு வழியைத் திறக்கின்றது. மூச்சு முற்றும் நிற்றலும் பெரிதுங் குறைதலுமாகச் சேர்த்து மணிக்கு 5 முறையேனும் நேரின் நோய் என்பர். 30 முறையாயின் கடுமையானது என்பர். இதனை உறங்குவோன் அறியான். அருகிற் படுத்தவரே அறிவர். பகற் சோர்வும் இரத்த அழுத்த மிகுதியும் இதனைத் தொடர்வன. மோட்டார் வண்டி ஓட்டுவோன் கண்ணயர்வானாயின் கேடு அவனோடு நில்லாது.

ஸிட்னி நகரத்து வைத்தியர் காலின் ஸல்லிவன் 1980-ஆம் ஆண்டில் இதற்கு எளிய உபாயம் ஒன்று கண்டார். மூக்கின் வழியே ஓயாது காற்றைச் சிறிது அழுத்தத்துடன் செலுத்தின், அக்காற்றே தொண்டையை உள்ளிருந்து தாங்கிநிற்கும். 1981-ஆம் ஆண்டில் ஐவர் நோயாளிகளிடத்துக் கண்ட பயனை லான்ஸெட் பத்திரிகையில் வெளியிட்டார். அந்நாளில் ஒவ்வொருவர் மூக்கிற்கும் அச்செடுத்து முகமூடி வார்த்து, இரவுதோறும் பசையிட்டு ஒட்டிக் காலையிற் பெயர்த்தெடுத்தனர்.

நிற்க. இன்று யந்திரம் சிறுத்துவிட்டது, ஓசையும் அடங்கிவிட்டது. ஆயினும் உடையவர் உறங்க வேண்டிய நேரத்தில் அலமாரியில் யந்திரமே உறங்கும் இல்லங்கள் பல. காரணம் வினாவின், கன்னத்திற் புண், கண்ணிற் காற்று, மூச்சு முட்டும் உணர்ச்சி என்பர். இவை யாவும் முகமூடியின் குற்றங்கள். ஆதலின் யந்திரத்தைத் தேர்வதினும் முகமூடியைத் தேர்வதே பெரிது என்பது எமது துணிபு.

முகமூடிகள் மூவகைப்படும். மூக்கை மட்டும் மூடுவது ஒன்று. மூக்குத் துளைகளின் வாயிலிற் பொருந்தும் சிறு மெத்தைகளை உடையது மற்றொன்று. மூக்கையும் வாயையும் ஒருங்கே மூடுவது பிறிதொன்று. பெரியது நன்று எனப் பலர் மூன்றாவதை நாடுகின்றனர். அது பொதுவாக முதலில் நாடத்தக்கதன்று. விளிம்பு நீளுந்தோறும் காற்று கசியும் இடமும் பெருகும். அன்றியும் அதன் வார்கள் கீழ்த்தாடையைப் பின்தள்ளி, திறக்க வேண்டிய வழியையே நெருக்குதலும் உண்டு. அமெரிக்க நித்திரை வைத்தியர் சங்கத்தார் 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறையும் மூக்கின் வழிப்பட்டவற்றையே முற்படக் கூறுகின்றது. வாயால் மூச்சுவிடுவோர் என் செய்வது எனின், மூக்கடைப்பு உளதாயின் அதனை முன்னர் ஆராய்தல் வேண்டும். காற்றை ஈரமாக்கும் நீர்க்கலம் பலர்க்குத் துணைசெய்யும். மூக்கு உண்மையிலேயே அடைபட்டார்க்குப் பெரிய முகமூடியே கதி. தாடியுடையார்க்கும், முகம் மூடப்படின் அஞ்சுவார்க்கும், படுக்கையிற் கண்ணாடி அணிந்து நூல் வாசிப்பார்க்கும் சிறு மெத்தைகள் ஏற்றவை. ஆனால் அழுத்தம் மிகுமிடத்து அவை சிலர்க்கு மூக்கை உறுத்தும்.

பொருத்திப் பார்க்கும் முறையே அனைத்தினும் முக்கியமானது. நாற்காலியில் அமர்ந்து கண்ணாடி பார்த்துத் தலைப்பாகை வாங்குவது போல இதனை வாங்கலாகாது. படுத்தவுடன் கன்னம் சரியும். முகத்தின் வடிவமே மாறும். தமக்கு வழக்கமான தலையணையில், வழக்கமான பக்கமாகப் படுத்து, வைத்தியர் விதித்த அழுத்தத்தில் யந்திரம் ஓடிக்கொண்டிருக்கையிலேயே சோதித்தல் வேண்டும். அவ்வழுத்தம் 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரளவு வரை ஆளுக்கு ஆள் வேறுபடும். குறைந்த அழுத்தத்திற் கசியாதது மிகுந்ததிற் கசியலாம்.

கசிந்தவுடன் வாரை இறுக்குதல் எல்லார்க்கும் இயல்பு. அதுவே தவறு. சிலிக்கோன் விளிம்பின் உட்புறத்தே மெல்லிய மடிப்பு ஒன்று உண்டு. காற்று நிரம்பி அது உப்பினால்தான் தோலோடு படியும். இறுக்கினால் மடிப்பு நசுங்கும், கசிவு மிகும், மூக்குத்தண்டிற் புண்ணும் வரும். வாரைத் தளர்த்தி, முகமூடியைச் சிறிது தூக்கி, மடிப்பில் காற்று நிரம்பவிட்டு, மெல்ல முகத்தில் வைத்துக் கசிவு நிற்குமளவே இறுக்குக. அப்பொழுதும் நில்லாதாயின் குற்றம் வாரில் இல்லை, அளவில் என்க. முன்புறத்துச் சிறு துளைகளின் வழியே வருங் காற்றோ கசிவன்று. விட்ட மூச்சு வெளியேறும் வாயில் அது. அதனை அடைத்தல் ஆபத்தாகும்.

புதியதை முதலிரவிலேயே தாங்க இயலாதார் பகலில் ஒரு மணி நேரம் அணிந்துகொண்டு ஏதேனும் வாசிக்கலாம். பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்க்கும் இது தடையாகாது.

வார்களை மாட்டுதற்குக் காந்தம் வைத்த முகமூடிகளும் உண்டு. இதயத் துடிப்பைச் சீர்செய்யும் கருவியை உடலிற் பதித்தோரும், அவரோடு ஒரு படுக்கையில் உறங்குவோரும் இவற்றை விலக்குதல் வேண்டும்.

முகத்தில் எண்ணெயும் களிம்பும் தடவிப் படுக்கும் வழக்கமுடையார், அவை சிலிக்கோனைக் கெடுக்கும் என அறிக. படுக்குமுன் முகத்தைக் கழுவி, காலைதோறும் மெத்தையை மென்சவுக்காரமிட்டு இளவெந்நீரில் அலசி நிழலில் உலர்த்துக. முன்பு நன்கு படிந்தது நாளடைவிற் கசியத் தொடங்கின், வாரிற் கைவையாது மெத்தையை மாற்றுக.