இராணுவ லோரியில் ஒரு குட்டி வீடு

கிள்ளானில் பட்டறை வைத்திருக்கும் என் மாமாவுக்கு ஒரே ஓர் ஆசை. பழைய இராணுவ லோரி ஒன்றை வாங்கி, பின்னால் அறை கட்டி, அத்தையோடு நாடு சுற்ற வேண்டும். போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு நடுவே கைப்பேசியில் படம் காட்டினார். ஜெர்மனியின் ‘உனிமோக் 404’.

1955 முதல் 1980 வரை தயாரான இந்த லோரிகளை, இராணுவம் கழித்துவிட்ட பிறகு, ஐரோப்பாவில் பலர் வீடாக மாற்றியிருக்கிறார்கள். நான்கு சக்கரமும் இழுக்கும், சேற்றிலும் ஏறும். ஆனால் அதன் சேசிஸ் மேடுபள்ளத்தில் முறுக்கிக் கொடுக்கும். அறையை அதோடு இறுக்கி முடுக்கினால் சுவர் விரிசல் விடும். அதனால் அசைந்து கொடுக்கும் தாங்கிகளின் மேல்தான் அறையை உட்கார வைக்கிறார்கள்.

அடுத்தது எடை. 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோ. கட்டில், அடுப்பு, பேட்டரி என்று ஏறிக்கொண்டே போகும். நம் ‘டி’ உரிமத்துக்கோ, வாகனத்தின் வெற்று எடை 3,500 கிலோவைத் தாண்டக்கூடாது. வாகனத்தின் அமைப்பை மாற்ற ஜேபிஜே அனுமதியும் வேண்டும்.

“கட்டி முடிச்சிட்டு அனுமதி கேட்டுக்கலாம்” என்றார் மாமா.

அத்தை இலையை மடித்தார். “இது நம்ம இபிஎப் காசுங்க. முதல்ல ஜேபிஜே, அப்புறம்தான் லோரி.”

மாமா மறுவார்த்தை பேசவில்லை. திங்கட்கிழமை இருவரும் ஜேபிஜே அலுவலகம் போகிறார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மாமா இருந்தால், வெல்டிங்காரரைக் கூப்பிடும் முன் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.