நெய்தலைச் சொல்லும் ஆங்கில வினை

நெய்தலைக் குறிக்கும் வீவ் என்னும் ஆங்கில வினை, பழைய ஆங்கிலத்தில் வெஃபன் என வழங்கியது. சிலந்திவலையைச் சுட்டும் வெப், பாவு எனப்படும் நீளவாட்டு நூல்களுக்குக் குறுக்கே ஓடும் ஊடையைச் சுட்டும் வெஃப்ட் ஆகிய பெயர்களும் அதே வேரிலிருந்து கிளைத்தவையே. நெரிசலில் வண்டி வளைந்து நெளிந்து புகுவதற்கும் வீவ் என்னும் சொல்லே வழங்குவதால் அது நெசவிலிருந்து பிறந்த உருவகம் எனத் தோன்றினாலும், அகராதியாளர் பலர் அதனை அசைதல் என்னும் பொருளுடைய பழைய நார்ஸ் சொல்லோடு இணைத்து, வேறொரு வினையாகவே கொள்கின்றனர்.

நெய்தல் என்னும் முதற்பொருளைக் கண்ணால் காணச் சென்னையை அடுத்த அனகாபுத்தூர்த் தறிகளே போதும்: பாவு இழுபட்டு நிற்க, நாடா இடமும் வலமுமாகப் பாய்ந்து ஊடையை இடுகிறது. நைஜீரியாவுக்கு மெட்ராஸ் கைக்குட்டைத் துணி நெய்து அனுப்பிய இவ்வூர் நெசவாளர், 1970களில் அச்சந்தை அடைபட்டபின், போற்றத்தக்க விடாமுயற்சியோடு வாழைநாரையும் இழையாக்கிப் பருத்தியோடும் பட்டோடும் சேர்த்துச் சேலை நெய்யத் தொடங்கினர்.