169.254: உங்கள் கணினி தானே எழுதிக்கொண்ட முகவரி

மாதத்தின் 15ஆம் தேதி. ஊழியர் சேமநிதிச் சந்தா, சொக்சோ சந்தா இரண்டையும் இன்றைக்குள் கட்டியாக வேண்டும். கிள்ளானில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கிறது உங்கள் சிறிய அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். கணக்காளரின் கணினிக்கு மட்டும் இணையம் இல்லை. பக்கத்து மேசையில் எல்லாம் ஓடுகிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்? ரவுட்டரை அணைத்து, பத்து எண்ணி, மறுபடியும் போடுவீர்கள். வேலை செய்யும். சந்தாவும் கட்டியாகிவிடும். அடுத்த வாரம் அதே தொல்லை, வேறொரு மேசையில்.

இந்தத் தொல்லை ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதை அந்தக் கணினியே சொல்லிவிடும். அடுத்த முறை ரவுட்டரைத் தொடுவதற்கு முன் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ‘ஐபிகான்ஃபிக்’ என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக அடித்து என்டரைத் தட்டுங்கள். ஐபி முகவரி என்ற வரியில் வரும் எண்ணைப் பாருங்கள். நன்றாக ஓடும் கணினியில் 192.168.1.104 என்பதுபோல் இருக்கும். அது 169.254 என்று தொடங்கினால், அந்தக் கணினி முகவரி கேட்டது, யாரும் பதில் தரவில்லை என்று பொருள். காத்திருந்து பார்த்துவிட்டு, தனக்குத்தானே ஓர் எண்ணை எழுதிக்கொண்டது. விண்டோஸ் 98 காலத்திலிருந்தே இந்தப் பழக்கம் உண்டு. அந்த எண்ணை வைத்துக்கொண்டு இணையத்துக்குப் போக முடியாது.

முகவரி கொடுக்கும் வேலை ரவுட்டருடையது. அதற்கான நெறிமுறையின் பெயர் டிஎச்சிபி. அமெரிக்காவின் பக்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரால்ஃப் டிரோம்ஸ் 1993இல் எழுதியது. 1997இல் திருத்தி வெளியான வடிவமே இன்றும் அடிப்படை. தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். வருகிறவருக்கு ஓர் அறை எண், இத்தனை மணி நேரத்துக்கு என்ற கெடு. கெடுவில் பாதி கழிந்ததும் கணினி தானாகவே நீட்டிப்புக் கேட்கும். கேட்காமல் போய்விட்டால், கெடு முடியும்வரை அந்த அறை யாருக்கும் கிடையாது.

இங்கேதான் சிறு அலுவலகங்கள் மாட்டிக்கொள்கின்றன. ரவுட்டரில் முகவரி வரிசை 100 முதல் 149 வரை என்றால் மொத்தம் 50 எண்கள். எட்டு ஊழியர்களுக்கு இது ஏராளம் என்று தோன்றும். ஆளுக்கு ஒரு கணினி, ஒரு கைப்பேசி என 16. பிரிண்டர், கண்காணிப்புக் கேமராப் பெட்டி, வருகைப் பதிவுக் கருவி, தொலைக்காட்சி சேர்த்தால் 20. மீதி 30. இப்போது நாளுக்குப் பத்து வாடிக்கையாளர்கள் வந்து வைஃபை கடவுச்சொல் கேட்கிறார்கள். நாமும் மரியாதைக்குக் கொடுத்துவிடுகிறோம். கெடு ஏழு நாள் என்று அமைந்திருந்தால் மூன்றே நாளில் வரிசை நிரம்பிவிடும். நான்காம் நாள் காலையில் புதிதாகக் கேட்பவருக்கு, அவர் உங்கள் கணக்காளராகவே இருந்தாலும், அறை இல்லை. வெளியேறும் கைப்பேசிகள் பெரும்பாலும் சொல்லிவிட்டுப் போவதில்லை. போதாக்குறைக்கு, இன்றைய கைப்பேசிகள் வைஃபைக்குக் காட்டும் அடையாள எண்ணை மாற்றிக்கொள்ளக் கூடியவை. ஒரே ஆள் இரண்டு அறைகளைப் பிடித்திருக்கலாம்.

ரவுட்டரை அணைத்துப் போட்டால் சரியாவது இதனால்தான். பல சிறு ரவுட்டர்கள் மின்சாரம் நின்றதும் யாருக்கு எந்த எண் என்ற பதிவேட்டை மறந்துவிடுகின்றன. பட்டியல் காலியாகிறது, நிரம்பும் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

பரிகாரம் எளிது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிஎச்சிபி பகுதிக்குப் போய், வரிசையை 50 முதல் 249 வரை விரியுங்கள். 200 எண்கள் கிடைக்கும். கெடுவை எட்டு மணி நேரமாகக் குறையுங்கள். விருந்தினர் வைஃபை வசதி இருந்தால், வாடிக்கையாளர்களை அந்தப் பக்கம் அனுப்புங்கள்.

169.254 வந்தாலே வரிசை நிரம்பிவிட்டது என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். மேசைக்கடியில் காலால் இடறித் தளர்ந்த கேபிளாலும் இதே எண் வரலாம். முதலில் குனிந்து பாருங்கள்.

இன்னொரு வகைக் கோளாறு இதைவிடக் குழப்பமானது. முகவரி ஒழுங்காகத்தான் தெரிகிறது, ஆனால் எல்லாருக்கும் 192.168.1 என்றிருக்க, ஒருவருக்கு மட்டும் 192.168.0. அப்படியென்றால் அலுவலகத்தில் இரண்டாவது வரவேற்பு மேசை முளைத்திருக்கிறது. யாரோ நல்லெண்ணத்தில், பின்னறையில் வைஃபை எட்டவில்லை என்று வீட்டிலிருந்த பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து சுவரில் செருகியிருப்பார். கணினி பொதுவாக முதலில் வந்த பதிலை ஏற்றுக்கொள்ளும். எது முந்துகிறது என்பது ஒவ்வொரு முறையும் மாறும். அதனால்தான் ஒரே கணினி காலையில் ஓடி, மாலையில் நிற்கிறது. ‘ஐபிகான்ஃபிக்’ சொல்லுக்குப் பின் இடைவெளி விட்டு, சாய்கோடும் ‘ஆல்’ என்ற சொல்லும் சேர்த்து அடித்தால் டிஎச்சிபி சர்வர் என்றொரு வரி வரும். முகவரி கொடுத்தது யார் என்பதை அது காட்டிக்கொடுக்கும். பழைய ரவுட்டரைத் தூக்கி எறிய வேண்டாம். அதன் டிஎச்சிபியை அணைத்து, முதல் ரவுட்டரோடு மோதாத முகவரியைக் கொடுத்து, லேன் துளையில் இணைத்தால் வைஃபையை மட்டும் நீட்டித் தரும்.

பிரிண்டர் அடிக்கடி காணாமல் போகிறதா? யாராவது அதற்கு நிரந்தர எண்ணைக் கையால் கொடுத்திருப்பார்கள். அந்த எண் ரவுட்டரின் வரிசைக்குள்ளேயே இருக்கும். ஒருநாள் அதே எண் ஒரு கைப்பேசிக்கும் போய்விடும். பிரிண்டரைத் தானியங்கி முறைக்கு மாற்றி, ரவுட்டரிலேயே அதற்கென்று ஓர் எண்ணை ஒதுக்கிவிடுங்கள்.

எதையும் மாற்றுவதற்கு முன் அமைப்புப் பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். ரவுட்டரின் பின்புறம் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதை மட்டும் குத்திவிடாதீர்கள். சேவை நிறுவனம் தந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அழிந்துபோனால் அலுவலகம் முழுவதற்கும் இணையம் போய்விடும். அதுவும் 15ஆம் தேதி என்றால் சொல்ல வேண்டியதில்லை.