கிளச் வழுக்குகிறதா? கழற்ற முன் கவனிக்க வேண்டியவை

இடம்பெயர்ந்து வாழும் பல குடும்பங்களுக்கு ஒரேயொரு மோட்டார் சைக்கிள்தான் எல்லா வேலைக்கும் உதவுகிறது. தூரத்திலுள்ள குத்தகைக் காணிக்குப் போவதும், மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டு செல்வதும், இரவில் நோயாளியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்வதும் அதில்தான். அது நின்றால் அன்றைய உழைப்பும் நின்றுவிடும். ஆனால் "கிளச் முடிந்துவிட்டது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நல்ல வாகனத்தை அரை விலைக்குக் கொடுத்துவிடுவோரும், தேவையின்றிப் புதிய தட்டுகளை வாங்கிப் போடுவோரும் உண்டு.

கிளச் வழுக்கினால் தட்டுகள்தான் தேய்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. செலவில்லாத காரணத்தை முதலில் பார்க்க வேண்டும். அடுத்துச் சிறு செலவு. கடைசியாகவே பெரிய செலவு. மண்பாதைக்கு ஏற்ற யமஹா டி.ரி. 125, சுசுகி ரி.எஸ். 125, ஹொண்டா எக்ஸ்.எல். 125 போன்ற பாரம் குறைந்த மோட்டார் சைக்கிள்களை மனதிற் கொண்டு இந்த ஒழுங்கை விளக்குகிறோம்.

கிளச் செய்யும் வேலை

எஞ்சினின் சக்தியைக் கியருக்குக் கொடுப்பதும் வேண்டிய நேரத்தில் துண்டிப்பதும் கிளச்சின் வேலை. உராயும் பூச்சுள்ள தட்டுகளும் வெறும் இரும்புத் தட்டுகளும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டு ஒயிலில் நனைந்தபடி இருக்கும். ஸ்பிறிங்குகள் அவற்றை இறுக்கி அழுத்துகின்றன. கைப்பிடியிலுள்ள லீவரை இழுத்தால் அழுத்தம் நீங்கும். விட்டால் மீண்டும் அழுத்தும். அந்த அழுத்தம் குறைந்தாலோ, தட்டுகள் ஒன்றையொன்று பற்றாவிட்டாலோ கிளச் வழுக்கும்.

எப்படி அறிவது?

ஆளில்லாத சமதரையில் மூன்றாம் அல்லது நான்காம் கியரில் மெதுவாக ஓடியபடி அக்சிலேற்றரைச் சற்றுக் கூடுதலாகத் திருகுங்கள். எஞ்சின் சத்தம் உயர்ந்தும் வேகம் கூடாவிட்டால் கிளச் வழுக்குகிறது. மணலிலும், ஏற்றத்திலும், மூடை ஏற்றியபோதும் இது முதலில் தெரியும். "கடக் கடக்" என்ற சத்தத்தோடு உதறினால் கிளச்சை விட்டுச் செயினையும் பற்சில்லையும் பாருங்கள். தேய்ந்த செயின் பல்லில் ஏறித் தாவினாலும் வேகம் எடுக்காது.

முதலாவது: கேபிள்

கிளச் வழுக்கும்போது பலர் கேபிளை இன்னும் இறுக்கிவிடுகிறார்கள். இது நேர்மாறான வைத்தியம். கேபிள் இறுகியிருந்தால், நாம் லீவரைத் தொடாத நேரத்திலும் அது சற்று இழுபட்டபடியே இருக்கும். ஸ்பிறிங்குகள் முழுமையாக அழுத்த முடியாது. தட்டுகள் தேயத் தேய இந்தத் தளர்வு தானாகவே குறைந்து வரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

லீவர் தன் பிடியில் பொருந்தும் இடத்தில், கேபிள் இறுக முன் 2 முதல் 3 மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். லீவரின் நுனியில் இது 10 மில்லிமீற்றர் அல்லது சற்றுக் கூடுதலான அசைவாகத் தெரியும். ஹாண்டிலை இரு பக்கமும் முழுவதும் திருப்பியும் பாருங்கள். எந்தப் பக்கத்திலும் கேபிள் இறுகக் கூடாது. இடைவெளி போதாவிட்டால் லீவரடியிலுள்ள பூட்டு வளையத்தைத் தளர்த்தி, சரிசெய்யும் திருகை உட்பக்கமாகத் திருகுங்கள். அதிலும் போதாவிட்டால் எஞ்சின் பக்கத்து முனையிலும் சரிசெய்யலாம்.

நெடுநாள் மழையிலும் வெயிலிலும் நின்ற வாகனத்தில் கேபிள் துருப்பிடித்து, லீவரை விட்டபின்பும் முழுமையாகத் திரும்பாது. மேல் முனையைக் கழற்றி, பொலித்தீன் துண்டைக் கூம்பாகச் சுற்றிக் கட்டி, மெல்லிய ஒயிலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மறுமுனையால் ஒயில் வரும்வரை விட வேண்டும். இழைகள் அறுந்திருந்தால் புதிய கேபிள் போடுவதே நல்லது.

இரண்டாவது: ஒயில்

எக்ஸ்.எல். போன்ற ஃபோர் ஸ்ரோக் வாகனத்தில் எஞ்சின் ஒயிலிலேயே கிளச்சும் நனைகிறது. டி.ரி., ரி.எஸ். போன்ற டூ ஸ்ரோக் வாகனத்தில் கியர்பெட்டிக்கு ஒயில் தனி; பெற்றோலுடன் சேர்ந்து எரியும் ஒயில் வேறு. இரண்டையும் மாற்றி ஊற்றக் கூடாது.

எரிபொருளைச் சேமிப்பதற்கென்று செய்யப்பட்ட கார் ஒயில்களில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருக்கும். அது காருக்கு நல்லது. ஒயிலில் நனையும் கிளச்சை வழுக்கச் செய்யும். ஃபோர் ஸ்ரோக் மோட்டார் சைக்கிளுக்கு வாங்கும்போது போத்தலில் "ஜாசோ எம்.ஏ." என்ற அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒயில் தவறென்று சந்தேகம் வந்தால், எஞ்சினைச் சற்றுச் சூடாக்கிப் பழையதை வடியவிட்டு, சரியானதை அளவாக ஊற்றி ஓட்டிப் பாருங்கள்.

மூன்றாவது: தட்டுகளும் ஸ்பிறிங்குகளும்

இவ்விரண்டும் சரியாக இருந்தும் வழுக்கினால் மாத்திரமே மூடியைக் கழற்ற வேண்டும். நாம் சொன்ன வாகனங்களில் கிளச் வலப்பக்கம் இருக்கும். ஒயிலை வடியவிட்டபின் கழற்றுங்கள். திருகுகள் நீளத்தில் வேறுபடும் என்பதால், மட்டையில் துளையிட்டு அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். ஸ்பிறிங் திருகுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். தட்டுகளை வரும் ஒழுங்கிலேயே கம்பியில் கோர்த்து வையுங்கள்.

உராயும் தட்டு புதிதில் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் தடிப்பாக இருக்கும். எவ்வளவு தேயலாம் என்பது மொடலுக்கு மொடல் மாறுவதால் அதன் கைநூலைப் பாருங்கள். இரும்புத் தட்டைக் கண்ணாடியில் வைத்தால் ஆடாமல் படிய வேண்டும். நீலம் பாய்ந்திருந்தால் அது சூட்டில் வெந்தது. ஸ்பிறிங்குகளைப் புதியதோடு ஒப்பிடுங்கள். குட்டையாகியிருந்தால் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள். ஸ்பிறிங்கின் கீழ் வாசர் வைத்து இறுக்குவது நிலையான தீர்வல்ல. லீவர் கனத்து, கேபிள் விரைவில் அறும்.

கடைக்குப் பழைய தட்டையும் கொண்டு சென்று ஒப்பிட்டு வாங்குங்கள். புதிய உராய்வுத் தட்டுகளை ஓர் இரவு சரியான ஒயிலில் ஊறவிட்டே பூட்ட வேண்டும். ஸ்பிறிங் திருகுகளை அளவுக்கு மேல் முறுக்கினால் அலுமினிய மரை உடைந்துவிடும். மூடியைப் பூட்டியபின் ஒயிலை மீண்டும் ஊற்ற மறக்க வேண்டாம்.

ஓட்டும்போது

லீவரில் விரல் வைத்தபடி ஓட்டுவதும், மணலில் பாரத்தோடு பாதிக் கிளச்சில் நிற்பதும் தட்டுகளை எரிக்கும். மணல் வருமுன்பே கியரைக் குறையுங்கள். வழியில் வழுக்கத் தொடங்கினால் பாரத்தை இறக்கி, கேபிளைத் தளர்த்தி, குறைந்த கியரில் மெதுவாக வீடு சேருங்கள். வழுக்கும் கிளச்சோடு நாட்கணக்கில் ஓடினால், கேபிளைத் திருகியே தீர்த்திருக்கக் கூடிய குறை தட்டுகளை எரித்துவிடும்.

கராச்சுக்குக் கொடுத்தாலும், முதலில் கேபிளையும் ஒயிலையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். மாற்றிய பழைய தட்டுகளைத் திருப்பி வாங்குங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. கிளச் எப்படி வேலை செய்கிறதென்று அறிந்தவரிடம் தேவையற்ற செலவைச் சுமத்துவது எளிதல்ல.