தலைப்பாகை வழக்கிலிருந்து சாதி வழக்கு வரை

1967ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் நகரில் சீக்கியப் பேருந்துத் தொழிலாளர் ஒருவர் தாடியுடனும் தலைப்பாகையுடனும் பணிக்குத் திரும்பினார். அது சீருடை விதிக்கு எதிரானது என்று நிர்வாகம் அவரைத் திருப்பி அனுப்பியது. அன்று நடைமுறையிலிருந்த 1965ஆம் ஆண்டின் இன உறவுச் சட்டம் பொது இடங்களில் காட்டப்படும் பாகுபாட்டையே தடுத்தது. வேலையிடம் அதன் எல்லைக்கு வெளியே இருந்தது. எனவே சீக்கியர்கள் வீதியில் இறங்கிப் போராடினர். அந்நகரின் நாடாளுமன்ற உறுப்பினர்களுள் ஒருவரான ஈனாக் பவல், 1968 ஏப்ரலில் குடியேறியோருக்கு எதிராக ஆற்றிய உரையில் இக்கோரிக்கையையும் சாடினார். 1969 ஏப்ரலில்தான் தடை விலகியது.

'விதி எல்லோருக்கும் ஒன்றுதானே' என்ற வாதம் நமக்குப் புதியதன்று. பெரும்பான்மையினரின் வழக்கமே 'பொது' என்ற பெயரில் விதியாகும்போது, அவ்வழக்கத்துக்குள் பிறந்தவருக்கு அது சுமையாகத் தெரிவதில்லை.

1976ஆம் ஆண்டின் புதிய சட்டம் இதனை 'மறைமுகப் பாகுபாடு' என்று வரையறுத்தது. தலைப்பாகையைக் கழற்றி முடியை வெட்டினால்தான் இடம் என்று பர்மிங்காமில் ஒரு தனியார் பள்ளி சீக்கிய மாணவனிடம் கூறிய வழக்கில் அது சோதனைக்குள்ளானது. சீக்கியர் ஒரு மதத்தினரே, இனத்தவர் அல்லர் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். 1983இல் பிரபுக்கள் அவை அதை மாற்றியது. நீண்ட பொது வரலாறும் தனக்கெனப் பண்பாட்டு மரபும் கொண்ட சமூகம் 'இனத் தோற்றம்' என்ற சொல்லுக்குள் அடங்கும் என்றது. ஒருவரால் விதிக்கு உட்பட முடியுமா என்ற கேள்விக்கு, தம் மரபைக் கைவிடாமல் உட்பட முடியுமா என்பதே பொருள் என்றும் விளக்கியது.

இத்தீர்ப்பு தலித் மக்களுக்கு ஏன் முக்கியம்? பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், பாதுகாப்புக்குரிய அடையாளங்களின் பட்டியலில் சாதியைச் சேர்க்கவில்லை. இந்தியாவிலிருந்து வீட்டு வேலைக்கு அழைத்துச் செல்லப்பட்ட ஆதிவாசிப் பெண் ஒருவர், சாதியின் காரணமாகவும் தாம் இழிவாக நடத்தப்பட்டதாக வழக்குத் தொடுத்தார். 2014இல் தொழில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், 1983ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் துணைகொண்டு, 'இனத் தோற்றம்' பிறப்புவழியையும் உள்ளடக்கும் என்றது. ஆகவே சாதி சார்ந்த சில வழக்குகள் அதற்குள் அடங்கலாம் என்றும் கூறியது. மறு ஆண்டு, ஊதிய நிலுவையாக மட்டும் 1,83,000 பவுண்டுகளுக்கு மேல் அவருக்கு வழங்க உத்தரவாயிற்று.

ஆனால் 'அடங்கலாம்' என்பது உறுதியான உரிமையன்று. சாதியை வெளிப்படையாகச் சட்டத்தில் சேர்க்கும் கடமையை 2013இல் நாடாளுமன்றம் அரசுக்கு விதித்தது. அங்குள்ள இந்து அமைப்புகள் பல அதை எதிர்த்தன. 2018இல், நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று கூறி அரசு பின்வாங்கியது. அதனால், சாதியால் பாதிக்கப்படுபவர் தம் வழக்கு அந்தச் சொல்லுக்குள் வரும் என்பதையே முதலில் வாதாடி நிறுவ வேண்டியுள்ளது.

குடியேறியோரின் ஒருங்கிணைவு பேசப்படும் இடங்களில் நாம் இரு கேள்விகளை எழுப்ப வேண்டும். வேலையிட விதி யாருடைய வழக்கத்தை அளவுகோலாகக் கொண்டது? உரிமை கேட்கும் சமூகம் தனக்குள் யாருக்கு அதை மறுக்கிறது? முதற்கேள்வியோடு நின்றால், குடியேறிய ஆதிக்கச் சாதியினரே சமூகம் முழுவதன் குரலாகிவிடுவர். இரண்டாவதை மட்டும் கேட்டால், அது பவலின் வழிவந்தோர்க்கே பயன்படும். சட்டம் பயிலும் மாணவர்கள் 1983, 2014 ஆகிய இரு தீர்ப்புகளையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று நாம் கூறுவது இதனால்தான்.