மருந்து அடிக்கும் முன் நான்கு படம் எடுங்கள்

காலையில் வயலுக்குப் போகிறீர்கள். இலையில் ஓட்டை, குருத்துக்குள் ஒரு புழு. உடனே கைபேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறீர்கள்: ‘இது என்ன புழு? என்ன மருந்து அடிக்கலாம்?’ அரை மணி நேரத்துக்குள் பத்துப் பதில்கள் வந்துவிடும். பெரும்பாலும் பத்தும் மருந்தின் பெயர்களாகவே இருக்கும். அது என்ன புழு என்ற முதல் கேள்வி அப்படியே நிற்கும்.

பூச்சியின் பெயர் தெரியாமல் மருந்து வாங்கினால் பணம் போவது மட்டுமல்ல, நமக்கு வேலை செய்யும் நன்மை செய்யும் பூச்சிகளும் சேர்ந்து சாகும். கைபேசிப் படத்தைக் கொண்டு பூச்சியை எந்த அளவுக்கு அடையாளம் காணலாம், எங்கே அது கைவிடும் என்பதைத் தெரிந்துகொண்டால் இந்த நஷ்டத்தைத் தவிர்க்கலாம்.

முகவரி போலத்தான் வகைப்பாடு

ஒரு பூச்சியை வகைப்படுத்துவது முகவரி கண்டுபிடிப்பது போன்றது. மாவட்டம், வட்டம், ஊர், கதவு எண் என்று போவதுபோல, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று போக வேண்டும். நல்ல படம் ஒன்று இருந்தால் முதல் இரண்டு படிகளைப் பெரும்பாலும் எட்டிவிடலாம். கடைசிப் படிதான் சிரமம்.

முதல் படியே உங்களுக்குப் பெரிய உதவி செய்யும். கால்களை எண்ணுங்கள். ஆறு கால் என்றால் பூச்சி. எட்டுக் கால் என்றால் சிலந்தி அல்லது சிலந்திப்பேன். சிவப்புச் சிலந்திப்பேனுக்குப் பூச்சிமருந்துகள் பலவும் வேலை செய்யாது. பைரித்ராய்டு வகை மருந்து அடித்தால் சிலந்திப்பேன் இன்னும் பெருகிவிடுவதும் உண்டு.

அடுத்து இறக்கை. முன் இறக்கை கெட்டியான ஓடாக இருந்தால் வண்டு. இறக்கையில் பொடி போன்ற செதில் இருந்தால் அந்துப்பூச்சி அல்லது வண்ணத்துப்பூச்சி. இரண்டே இறக்கை என்றால் ஈ. மெல்லிய சவ்வு போன்ற நான்கு இறக்கையும் ஒடுங்கிய இடுப்பும் என்றால் குளவி, தேனீ வகை. வாய் ஊசிபோல் இருந்தால் சாறு உறிஞ்சும் வகை. இலையைக் கடித்துத் தின்னும் புழுவுக்குப் பயன்படும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற உயிரி மருந்து, சாறு உறிஞ்சும் பூச்சியிடம் பலிக்காது. அதனால் இந்தப் படியைத் தாண்டாமல் கடைக்குப் போகாதீர்கள்.

படைப்புழு கற்றுத் தந்த பாடம்

அமெரிக்கக் கண்டத்துப் பூச்சியான மக்காச்சோளப் படைப்புழு 2016-ல் ஆப்பிரிக்காவுக்கு வந்தது. 2018 மே மாதத்தில் கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதியில் தென்பட்டது. அதே ஆண்டில் தமிழகத்து மக்காச்சோள வயல்களுக்கும் வந்துவிட்டது. புதிதாக வந்த பூச்சி என்பதால், பழைய தண்டுத்துளைப்பான் என்றோ வெட்டுப்புழு என்றோ நினைத்துக் குழம்பியவர்கள் பலர்.

ஆனால் படைப்புழுவைப் படத்திலேயே பிடித்துவிடலாம். வளர்ந்த புழுவின் முகத்தில், தலைகீழாக எழுதிய ஆங்கில ‘ஒய்’ எழுத்துபோல வெளிறிய கோடு இருக்கும். வால் பக்கம், கடைசிக்கு முந்தைய வளையங்களில் ஒன்றில் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக அமைந்திருக்கும். புகையிலை வெட்டுப்புழுவுக்கு இந்தச் சதுரம் கிடையாது. இலையிலும் வேறுபாடு தெரியும். தண்டுத்துளைப்பான் தாக்கினால் விரிந்த இலையில் குண்டூசி குத்தியதுபோல வரிசையாக ஓட்டைகள் இருக்கும். படைப்புழு என்றால் ஓட்டைகள் ஒழுங்கில்லாமல் கிழிசலாக இருக்கும்; குருத்துக்குள் ஈரமான மரத்தூள் போல எச்சம் குவிந்திருக்கும்.

மேலிருந்து எடுத்த ஒரே ஒரு படத்தில் முகமும் தெரியாது, வால் புள்ளியும் சரியாக விழாது. குழுவில் வரும் படங்கள் பலவற்றில் பூச்சியின் பெயர் சொல்ல முடியாமல் போவதற்கு இதுதான் காரணம்.

நண்பனா, எதிரியா?

கொய்யாவிலோ பப்பாளியிலோ மாவுப்பூச்சி மண்டிய இடத்தில், அதைவிடச் சற்றுப் பெரிதாக, நீண்ட வெள்ளை மெழுகு இழைகளோடு ஒன்று ஊர்வதைப் பார்த்திருப்பீர்கள். ‘பெரிய மாவுப்பூச்சி’ என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் உண்டு. உண்மையில் அது மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வண்டு 1898-லேயே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. குச்சியால் தொட்டுப் பாருங்கள். மாவுப்பூச்சி மெல்ல அசையும். இது விறுவிறுவென்று ஓடும்.

கத்தரியில் இதற்கு நேர்மாறு. பொறிவண்டு எல்லாம் நல்லது என்று விட்டுவிட்டால் எபிலாக்னா வண்டு இலையைச் சல்லடையாக்கிவிடும். அதன் முதுகு பளபளப்பில்லாமல், நுண்ணிய முடியோடு மங்கலாக இருக்கும். புழு மஞ்சளாக, உடல் முழுக்கக் கிளை விட்ட முட்களோடு இருக்கும். நன்மை செய்யும் பொறிவண்டின் முதுகு பெரும்பாலும் வழவழப்பாக மின்னும்.

நெல்லில் புகையான் இருக்கும் தூரின் அடியிலேயே பச்சை நிறத்தில் ஒரு சிறு நாவாய்ப்பூச்சி ஓடும். தத்துப்பூச்சி என்று பலரும் தவறாக நினைப்பது இதைத்தான். புகையானின் முட்டையையும் குஞ்சையும் உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சி அது. அதைக் கொன்றுவிட்டால் புகையான் மறுபடி பெருகும்.

படம் எடுக்கும் முறை

1. முதலில் முழுச் செடி, அடுத்து சேதமான பகுதி, பிறகு பூச்சியின் முதுகுப்புறம், கடைசியாகப் பக்கவாட்டும் முகமும். குறைந்தது இந்த நான்கு படங்கள் வேண்டும். இலையைத் திருப்பி அடிப்பக்கத்தையும் எடுங்கள்.

2. தூரத்தில் நின்று ஜூம் செய்யாதீர்கள். படம் மங்கும்வரை அருகே போய், பிறகு சற்றே பின்வாங்கி, திரையில் பூச்சியின் மேல் விரலால் தொட்டுத் தெளிவாக்கிய பிறகு எடுங்கள். கைபேசியில் மாட்டும் சிறிய குளோசப் லென்ஸ் இருந்தால் அசுவினி, வெள்ளை ஈ போன்றவையும் நன்றாக விழும்.

3. அளவு தெரிய அருகில் ஒரு அளவுகோலையோ தீக்குச்சியையோ வையுங்கள். புழுவை வெள்ளைத்தாளில் விட்டு எடுத்தால் புள்ளிகள் தெளிவாகத் தெரியும்.

4. உச்சி வெயில் வேண்டாம். காலை வெளிச்சமோ நிழலோ நல்லது. காலைக் குளிர்ச்சியில் பூச்சியும் அதிகம் ஓடாது.

5. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தெளிவு குறைந்துவிடும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள்.

6. பயிர், ரகம், பயிரின் வயது, ஊர், தேதி, எத்தனை செடியில் தாக்குதல், ஏற்கெனவே என்ன மருந்து அடித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். இவை இல்லாத படம் பாதிப் படம்தான்.

செயலி சொல்வது தீர்ப்பல்ல

இப்போது படத்தைக் காட்டினால் பெயர் சொல்லும் செயலிகள் வந்துவிட்டன. மத்திய வேளாண் அமைச்சகம் 2024 ஆகஸ்ட் 15-ல் தேசியப் பூச்சி கண்காணிப்பு அமைப்பு என்ற செயலியைத் தொடங்கியது. 2008-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் யார் வேண்டுமானாலும் படம் போடலாம். கணினி ஒரு பெயரைச் சொல்லும், பிறகு பூச்சி தெரிந்தவர்கள் பார்த்து ஒத்துக்கொள்வார்கள் அல்லது திருத்துவார்கள்.

கணினி பூச்சியை ஆராய்வதில்லை. தனக்குக் காட்டப்பட்ட பழைய படங்களோடு ஒப்பிட்டு, எது அதிகம் ஒத்துப்போகிறது என்று சொல்கிறது. அதிகம் படம் எடுக்கப்பட்ட ஊர்ப் பூச்சிகளே அதற்கு நன்றாகத் தெரியும். ஆகவே செயலி ஒரு பெயர் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பூச்சி நம் பகுதியில் உண்டா? இந்தப் பயிரைத் தாக்குமா? வயலில் தெரியும் சேதம் அதனுடையதுதானா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் மட்டும் நம்பலாம்.

படம் போதாத இடம்

மிளகாயில் 2021-22-ல் ஆந்திரம், தெலங்கானாவில் பூக்களைக் கருக்கிய இலைப்பேனை நினைத்துப் பாருங்கள். இலைப்பேன் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுதான். எந்தச் சிற்றினம் என்பதைக் கண்ணாடிச் சில்லில் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உறுதி செய்ய முடியும். வெள்ளை ஈயில் பறக்கும் ஈயைவிட, இலையில் ஒட்டியிருக்கும் கூட்டுப்புழுவை வைத்துத்தான் இனம் காண்பார்கள்.

இத்தகைய பூச்சிகளுக்குப் படத்தோடு மாதிரியும் கொடுங்கள். சிறிய குப்பியில் 70 சதவீத ஆல்கஹால் ஊற்றிப் பூச்சியைப் போடுங்கள். ஊர், தேதி, பயிர் எழுதிய சீட்டை உள்ளேயே போடலாம்; பென்சிலால் எழுதுங்கள், பேனா மை கரைந்துவிடும். வெள்ளை ஈ என்றால் இலையோடு காகிதத்தில் மடித்துக் கொடுங்கள். பெயர் தெரியாத புழுவை அதே பயிரின் இலையோடு காற்றோட்டமுள்ள டப்பாவில் வளர்த்தால், வெளிவரும் அந்துப்பூச்சி அடையாளத்தைச் சொல்லிவிடும்.

பெயர் தெரிந்தால் என்ன லாபம் என்பதற்குப் பப்பாளி மாவுப்பூச்சியே சாட்சி. 2008-ல் கோவையில் அது கண்டறியப்பட்டது. இனம் உறுதியானதால், அதற்கே உரிய ஒட்டுண்ணிக் குளவிகளை 2010-ல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட முடிந்தது. அவற்றுள் அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவி நன்றாகப் பரவி, மருந்தால் அடங்காத பூச்சியை அடக்கியது. வேறு மாவுப்பூச்சி என்று தவறாக முடிவு செய்திருந்தால் அந்தக் குளவியைத் தேடியே போயிருக்க மாட்டார்கள்.

அடுத்த முறை வயலில் புதிய பூச்சியைக் கண்டால், படங்களையும் மாதிரியையும் உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, வட்டார வேளாண்மை அலுவலருக்கோ கொடுங்கள். உழவர் அழைப்பு மையத்தை 1800 180 1551 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். கேட்கும்போது ‘என்ன மருந்து?’ என்று தொடங்காமல், ‘இது என்ன பூச்சி?’ என்று தொடங்குங்கள். அடிக்கத் தேவையே இல்லை என்ற பதில்கூட வரலாம்.