ஒரே மேடை, ஒரே உலை: திருச்சபைக் கலை இரவுகள் குறித்து



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் பெருமைகளை அடுக்குவது வழக்கம். இன்று நாம் நினைவுகூரும் தோழருக்கு அது பிடிக்காது. எந்தக் கூட்டம் முடிந்தாலும் "அடுத்து என்ன செய்யப் போறீங்க?" என்றுதான் அவர் கேட்பார். ஆகவே நம் கையில் இருக்கிற ஒரு வேலையைப் பற்றியே பேசுகிறோம். வெலிங்டன், குன்னூர் பகுதியில் திருச்சபை மக்கள் சேர்ந்து நடத்தும் இசை, கலை இரவுதான் அந்த வேலை.

இந்த இரவுகளின் அமைப்பு நம் எல்லோருக்கும் தெரியும். முதலில் கீபோர்டுடன் பாடகர் குழு. பிறகு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் நாடகம், கீர்த்தனைக்குப் பரதம், வாலிபர்களின் கித்தார். குளிருக்குப் பயந்து பாதிப் பேர் எழுந்து போன பிறகு, "நாட்டுப்புற நடனம்" என்ற பெயரில் பறை. நம்மில் சிலர் அந்தக் கடைசி நிகழ்ச்சிக்குக் காத்து நின்றவர்கள். மலைக் குளிரில் பறையின் தோல் தொய்ந்துபோகும். தீயில் காய்ச்சினால்தான் குரல் கொடுக்கும். ஓர் ஆண்டு வளாகத்துக்குள் தீ மூட்டக் கூடாது என்றார்கள். கேட்டுக்கு வெளியே சாலையோரத்தில் சருகைக் கூட்டிக் காய்ச்சினோம். கீபோர்டுக்கு மின்சாரம் கேட்டவரிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

இதைப் பழைய மனக்குறையாகச் சொல்லவில்லை. எல்லாக் கலைகளும் ஒரே மேடையில் வந்துவிட்டால் அது கூட்டுக் கலை ஆகிவிடுமா என்ற கேள்வி அந்தச் சாலையோரத்தில்தான் நமக்குப் பிறந்தது. அதற்குப் பதில் தேட வேண்டுமானால் முதலில் இந்த மலையின் வரலாற்றிலிருந்தும், பிறகு தமிழ்க் கிறித்தவப் பாட்டின் வரலாற்றிலிருந்தும் தொடங்க வேண்டும்.

ஜக்கதளா என்ற படகர் ஊரின் பக்கத்தில் 1850களில் எழுந்த படைக் குடியிருப்புதான் பின்னர் வெலிங்டன் என்று பெயர் பெற்றது. பாதை வெட்டியவர்களிலும், அதிகாரிகளின் வீடுகளில் சமைத்தவர்களிலும், காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தவர்களிலும் நம் மக்கள் ஏராளம். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டவர்களும் இங்கே குடியேற்றப்பட்டார்கள். இது கூலிகளின் மலை மட்டுமன்று, நம் அரசியல் பிறந்த மலையும்கூட. அயோத்திதாசப் பண்டிதர் வாழ்ந்து சபை கண்ட இடம் இது. இரட்டைமலை சீனிவாசன் கணக்கராக வேலை பார்த்த இடமும் இதுவே. 1891 டிசம்பர் 1 அன்று உதகையில் கூடிய திராவிட மகாஜன சபை மாநாட்டுத் தீர்மானங்களில் ஒன்று, நம்மைப் 'பறையர்' என்று இழிவாக அழைப்பவர்களைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும் என்பது. எந்தச் சொல் அன்று வசவாக இருந்ததோ, அந்தச் சொல்லோடு பிணைந்த கருவியைத்தான் இன்று அதே மலையில் நம் பிள்ளைகள் மேடை ஏற்றுகிறார்கள். இடையில் நடந்தது என்ன?

கீர்த்தனையிலிருந்து பார்ப்போம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) பாட்டுகள் இன்றும் நம் வீடுகளில் ஒலிக்கின்றன. நம் பாட்டிமார் அவற்றை அடுப்படியில் பாடித்தான் நாம் வளர்ந்தோம். ஆனால் 1820களில் தஞ்சையில் புதிய மிஷனரிகளோடு அவரும் அவரைச் சேர்ந்த வேளாளக் கிறித்தவர்களும் நடத்திய வழக்கைச் சமூகவியல் மாணவர்கள் கவனித்துப் படிக்க வேண்டும். மிஷனரிகள் செய்த கொடுமைகள் என்று அவர்கள் அடுக்கியவற்றில் ஆராதனையிலிருந்து தமிழ்ப் பாட்டை நீக்குவதும் இருந்தது, எல்லாச் சாதியாரையும் ஒன்றாக்க முயல்வதும் இருந்தது. தமிழ் இசைக்கான நியாயமான குரலும், சாதியைக் காக்கும் குரலும் ஒரே மனுவில் வந்தன. தமிழ்ப் பண்பாடு என்று ஒருவர் சொல்லும்போது யாருடைய தமிழ், யாருடைய பண்பாடு என்று நாம் கேட்பது இதனால்தான். 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். சாதி போகவில்லை. தனி வரிசையிலும் தனிக் கல்லறையிலும் அது தங்கிவிட்டது.

அடுத்தது பறை. கிராமத்தில் பறையடிப்பது நம் முன்னோர் விரும்பி எடுத்த தொழிலன்று. சாவுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் அடிக்க வேண்டிய கட்டாயம். தோட்டத்திலும் தொழிலாளரை விடியலில் பிரட்டுக்கு எழுப்பியது தப்புதான். இந்த மலையின் பழங்குடிகளிடமும் இதைப் போன்ற ஒன்றைக் காண்கிறோம். படகர் வீட்டுச் சாவுக்குக் கோத்தர்கள் வந்து இசைக்க வேண்டியிருந்தது. 1930களில் படகர் சீர்திருத்தக்காரர்கள் அந்த இசையையே வேண்டாம் என்றார்கள். இசையைக் கேட்டவர்கள் இசைத்தவர்களைச் சமமாக வைக்கவில்லை. ஆகவே மதம் மாறிய நம்மவர்கள் பறையைக் கீழே வைத்ததும், சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று சேரிகள் மறுத்ததும் சுயமரியாதைப் போராட்டங்களே. "பறை நம் கலை" என்று இன்று பேசும் இளைஞர்கள் அந்த மறுப்பைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அடிக்க மறுக்கும் உரிமை கிடைத்த பிறகுதான், விரும்பி அடிப்பது கலையாகிறது.

அப்படி விரும்பி எடுத்தவர்களில் நாம் மறக்கக் கூடாதவர் தியோபிலஸ் அப்பாவு (1940–2005). மாணவர்களுக்கு அவர் பரட்டை அண்ணன். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். கர்நாடக இசையும் மேற்கத்திய இசையும் அறிந்தவர். அறிந்தே, நாட்டுப்புற மெட்டுகளில் ஒரு முழு வழிபாட்டு முறையை அமைத்தார். பாவ அறிக்கை முதல் திருவிருந்து வரை சேரியின் மெட்டில், சேரியின் பேச்சில். கடவுளை 'பெத்தவர்' என்று அழைத்தார். அந்தச் சொல்லில் தாயும் உண்டு, தகப்பனும் உண்டு.

ஏன் நாட்டுப்புற மெட்டு? அது எளிமையானது என்பதற்காக மட்டுமன்று. கீர்த்தனையை எழுதியவர் எழுதியபடியே பாட வேண்டும். தாளம் தவறினால் பாடியவர் தலைகுனிவார். நாட்டுப்புறப் பாட்டில் நடவுக்காரி ஒரு வரியைச் சேர்ப்பாள், இன்னொருத்தி ஒரு வரியை மாற்றுவாள். பாட்டு பாடுகிறவர்களுக்குச் சொந்தம். தம் பாட்டுகளையும் அப்படி மாற்றிப் பாட வேண்டும் என்றே அப்பாவு விரும்பினார். அவர் பாட்டுகள் ஒலிநாடாக்கள் வழியாகவும், ஊர்களுக்குப் பணி செய்யப்போன மாணவர்கள் வழியாகவும் பரவின.

அவருடைய இன்னொரு கருத்து 'ஒரு ஒலை'. ஒரே உலையில் பொங்கிய சோற்றை எல்லோரும் சேர்ந்து உண்பது. சாதி அடுப்பிலும் தட்டிலும்தான் உட்கார்ந்திருக்கிறது, ஆகவே திருவிருந்து என்பது ஒரே உலைச் சோறாக இருக்க வேண்டும் என்பது அவர் இறையியல். இசை வேறு, சாப்பாடு வேறு என்று அவர் பிரிக்கவில்லை.

அக்கல்லூரியின் தலித் ஆதார மையம் 1990களில் நடத்திய தலித் கலை விழாக்களையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டிய எழுச்சியில் பறையும் ஒயிலும் கூத்தும் சேரியின் கலைகளாகத் தலைநிமிர்ந்து வந்த காலம் அது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைக் கையில் எடுத்தார்கள். ஆண்களின் கருவி என்ற எண்ணமும் அதோடு உடைந்தது.

இப்போது நம் கலை இரவுக்குத் திரும்புவோம். அப்பாவுவிடமிருந்து நமக்குக் கிடைக்கும் அளவுகோல் எளியது. நிகழ்ச்சி நிரலைத் தீர்மானிக்கும் குழுவில் பறைக் கலைஞர் இருக்கிறாரா, அல்லது நிரல் முடிந்த பிறகு அழைக்கப்படுகிறாரா? ஒலிபெருக்கிக்காரருக்கும் கீபோர்டுக்காரருக்கும் கொடுக்கும் பணம் அவருக்கும் உண்டா, அல்லது ஒரு துண்டும் கைதட்டலும்தானா? பறை பொழுதுபோக்கு நிகழ்ச்சியோடு நின்றுவிடுகிறதா, ஞாயிறு ஆராதனைக்குள்ளும் வருகிறதா? அன்றிரவு சோறு யார் வீட்டு உலையில் பொங்குகிறது? எஸ்டேட் லைனிலிருந்து வந்த சோற்றை எல்லோரும் உண்கிறார்களா?

கடைசியாக ஒரு கேள்வி, மேடைக்கு வெளியே உள்ளது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவத் தலித்துகளும் இசுலாமியத் தலித்துகளும் இன்னும் வெளியே. அரசு அவனைத் தலித் இல்லை என்கிறது, திருச்சபையோ அவன் தலித் என்பதை மறப்பதே இல்லை. இந்த இரண்டு சுவர்களுக்கும் நடுவில் நின்று பறையடிக்கும் இளைஞனுக்குக் கைதட்டுகிறவர்கள், அவனுக்காக ஒரு மனுவில் கையெழுத்துப் போடுவார்களா?

இந்தக் கேள்விகளைக் கேட்டால் இரவு கெட்டுப்போகும் என்று நம் நண்பர்கள் சிலர் பயப்படுகிறார்கள். நாங்கள் கேட்டுப் பார்த்திருக்கிறோம். முகம் சுளித்தவர்கள் உண்டு. அடுத்த கூட்டத்துக்குத் தன் வீட்டு அண்டாவைத் தூக்கிவந்த அக்காவும் உண்டு. கலை இரவைப் புறக்கணிக்கச் சொல்லி நாம் இங்கே கூடவில்லை. பாடத் தெரிந்தவர்களும் அடிக்கத் தெரிந்தவர்களும் ஒருவரையொருவர் கேட்டுப் பழக இந்தக் குளிர் மலையில் வேறு இடம் குறைவு. அதனால்தான் அது சரியாக நடக்க வேண்டும் என்கிறோம்.

அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று தோழர் கேட்டால் நம் பதில் இது: அடுத்த கலை இரவின் குழுவில் இரண்டு பறைக் கலைஞர்கள், அவர்களில் ஒருவர் பெண். முதல் நிகழ்ச்சி பறை. சோறு ஒரே உலையில். பறையைக் காய்ச்சும் தீ, வளாகத்துக்குள், எல்லோரும் குளிர்காயும் இடத்தில்.

ஜெய்பீம்.